சம்மட்டிச் சத்தம் வந்து சேரும் நேரம்

மைக் அக்கா என்பதுதான் அந்தச் சுற்றுலாக் கப்பலில் அவருக்குப் பெயர். பனியாறு வரும் நாட்களில் முன்தளத்தில் ஒரு சின்ன மேடை மேல் ஏறி நிற்பார். கம்பளியும் கேமராவுமாகக் கூடியிருக்கும் எண்ணூறு பேருக்கு, எதைப் பார்க்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வார். இந்த நீலம் ஏன் நீலம், இந்தப் பனி எத்தனை நூற்றாண்டு பழையது, அந்தக் கருங்கோடு எந்த மலையை அரைத்துக்கொண்டு வந்த மண். பதினொரு வருடமாக இதுதான் வேலை.

கப்பல் ஊழியர்களில் பாதிப் பேர் பனியாற்றைப் பார்த்ததே இல்லை. துணி துவைக்கிறவர்களுக்கும் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் வாழ்க்கை நீர்மட்டத்துக்குக் கீழே. ஓய்வு நேரத்தில்கூட அவர்கள் முன்தளத்துக்கு வரக் கூடாது. விருந்தினர் எடுக்கும் படத்தில் விழுந்துவிடுவார்களாம். ஈரத் துணியோடு ஒரு மனிதன் படத்தில் வந்தால் இயற்கை கெட்டுப்போகும் என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்து விதியாக எழுதியிருக்கிறான். மைக் அக்கா மாலையில் ஊழியர் சாப்பாட்டு அறைக்குப் போய், அன்று பார்த்ததை மைக் இல்லாமல் இன்னொரு முறை சொல்வார். அங்கேதான் நல்ல கேள்விகள் வரும்.

அவருடைய அம்மா கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். பள்ளத்தின் இந்தக் கரையில் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்கும் சிறுமிக்கு, அந்தக் கரையில் அம்மாவின் சம்மட்டி இறங்குவது தெரியும். சத்தம் கொஞ்சம் கழித்து வரும். ஏன் என்று கேட்டாள். "வெளிச்சம் வண்டியில வருது. சத்தம் நம்மள மாதிரி நடந்து வருது" என்றார் அம்மா. பிறகு கல்லூரியில் இயற்பியல் படித்தபோது, அம்மா சொன்னதில் எண் ஒன்றுதான் குறை என்று தெரிந்தது.

படித்து முடித்து ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, "ஆய்வுக்கூடத்துல என்னென்ன இருக்குங்க டீச்சர்?" என்று கேட்டார். "ஒரு பூட்டு இருக்குங்க" என்று பதில் சொன்னார். மறுநாள் வேலை இல்லை. கப்பல் வேலைக்கு விளம்பரம் பார்த்தது அந்த வாரம்தான்.

தன் ஒரே தம்பியையும் அவரேதான் கப்பலுக்குக் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு வயது, மனைவி, ஒரு பெண் குழந்தை, தோளில் இரண்டு ஆள் பலம். தளப்பிரிவில் வேலை. பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றதும், ஒரு சிறு படகு இறக்கப்படும். அதில் படகோட்டி ஒருவர், உதவிக்கு ஒருவர், சம்மட்டியோடு தம்பி. மிதக்கும் பனிப்பாறை ஒன்றைக் கொக்கி போட்டுப் பிடித்து, இரும்பு ஆப்பை இறக்கிப் பிளந்து, ஒரு துண்டை வலையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். மாலையில் அது கண்ணாடிக் கூடத்தில் ஒரு மேசை மேல் விளக்கொளியில் உட்கார்ந்திருக்கும். விருந்தினர் அதைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதன் சில்லுகள் கோப்பையில் விழும். ஆயிரம் வருடப் பனி அரை மணி நேரத்தில் கரைந்து வயிற்றுக்குள் போய்விடும்.

அன்று காலை சாப்பாட்டு அறையில் தம்பி வழக்கம்போல் வம்புக்கு இழுத்தான்.

"என்னக்கா, இன்னிக்கு என்ன பொய் சொல்லப்போற?"

"நான் பொய் சொல்றதில்லடா. கம்பெனி எழுதிக் குடுத்ததுல பாதிய விட்டுடுறேன், அவ்வளவுதான்."

"நம்ம குடும்பம் மாறவே இல்ல பாரு. அம்மா கல்லு உடைச்சாங்க, நானும் கல்லு உடைக்கிறேன். கல்லுதான் கொஞ்சம் ஜில்லுன்னு ஆயிடுச்சு."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த படகோட்டி சிரித்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர் என்பதால் அவருக்கு 'நிதானம்' என்று பெயர்.

அப்போது விருந்தினர் மேனேஜர் உள்ளே வந்தார். பல் பிடுங்கிக்கொண்டு வந்த நாளில்கூடச் சிரித்துக்கொண்டே இருந்ததால் ஊழியர்கள் அவரைப் 'புன்னகை' என்பார்கள், அவர் இல்லாதபோது. நேராகத் தம்பியிடம் போனார்.

"போன தடவை நீ கொண்டுவந்தது உப்பு மூட்டை மாதிரி வெள்ளையா இருந்தது. இன்னிக்கு முதலாளியோட விருந்தாளிங்க பன்னிரண்டு பேர் ஏறியிருக்காங்க. கண்ணாடி மாதிரி வேணும். பின்னாடி கை வச்சா ரேகை தெரியணும்."

"அந்த மாதிரி ஐஸு பனிச்சுவருக்குக் கிட்டதான் சார் கிடைக்கும். புதுசா விழுந்ததுல" என்றார் நிதானம்.

"அப்ப கிட்டப் போங்க."

"சுவருக்கு ஐந்நூறு மீட்டர் தள்ளித்தான் நிக்கணும்னு விதி சார்."

"விதிக்குள்ளதான் போகச் சொல்றேன். நான் என்ன, சுவத்த முட்டவா சொன்னேன்?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஐந்நூறு மீட்டர் என்பது படகின் உள்பக்கம் ஒரு பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை யார் அளப்பது என்று பொறிக்கப்படவில்லை. படகில் அளக்கும் கருவி கிடையாது. கண்ணளவுதான், பனியாற்றின் முன்னால் கண்ணைப்போல ஏமாளி வேறில்லை. மரம் இல்லை, வீடு இல்லை, மாடு இல்லை. எதோடு ஒப்பிடுவது? பனியாறு கடலைத் தொடும் இடத்தில் நிற்கும் இருபது மாடி உயரச் சுவர், காற்று துடைத்து வைத்ததுபோல் தெளிவாக இருப்பதால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொல்லைச் சுவர்போலத் தோன்றும். சில நேரம் நேர்மாறாக, எங்கோ தொலைவில் இருப்பதாகவும் தோன்றும். அது உடைந்து விழுந்தால் எழும் அலை தோற்றத்தைப் பார்த்து வராது; தூரத்தைப் பார்த்துத்தான் வரும்.

காலை பத்தரைக்குக் கப்பல் சுவருக்கு எதிரே நின்றது. காற்றே இல்லை. மைக் அக்கா மேடை ஏறினார். கழுத்தில் பைனாகுலர், மணிக்கட்டில் நிறுத்துகடிகாரமும் சேர்ந்த ஒரு சாதாரணக் கைக்கடிகாரம். அவரிடம் இருந்த மொத்த ஆய்வுக்கூடமும் அதுதான். பூட்டு இல்லாதது.

பத்து நிமிடத்தில் சுவரின் வலது மூலையிலிருந்து ஒரு சின்னத் துண்டு கழன்றது.

"விழறதப் பாத்தீங்கல்ல? இப்ப எண்ணுங்க!"

எண்ணூறு பேரும் எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் இடி வந்தது. கைதட்டினார்கள். மூன்று வினாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் என்று அவர் விளக்கினார். சுவரிலிருந்து சத்தம் நமக்கு நடந்து வர எடுத்த நேரம் அது. இந்த விளையாட்டு விருந்தினருக்குப் பிடிக்கும். புன்னகைக்கும் பிடிக்கும். மேடைக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு விருந்தாளிகளோடு நின்றிருந்தார்.

படகு இறங்கிப் போனது. பாதித் தூரத்தில் மிதந்த ஒரு பெரிய பாறைக்குக் கொக்கி போட்டார்கள். பாறையின் அடிப்பாகம் கறுப்புக் கண்ணாடிபோல் மின்னியது. நல்ல பாறை. தம்பி அதன் விளிம்பில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நின்று ஆப்பை வைத்தான். நிதானம் கொக்கிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தம்பிக்கு ஒரு பழக்கம். மூன்று அடி அடிப்பான், நிறுத்துவான், ஆப்பைத் தொட்டுப் பார்ப்பான், மறுபடி மூன்று. பைனாகுலரில் அக்கா பார்த்துக்கொண்டே பேசினார். மூன்றாவது அடி இறங்கிச் சம்மட்டி ஓய்ந்து நிற்கும். அதற்குப் பிறகு அந்தக் கடைசிச் சத்தம் மெல்லிய ஊசிபோல் வந்து சேரும். வேறெதற்கும் இல்லை, பழக்கத்தால்தான் கடிகாரத்தை அழுத்தினார். ஒன்றரை வினாடி. கப்பலுக்கும் படகுக்கும் ஐந்நூறு மீட்டர். சுவர் மூன்று வினாடியில் இருக்கிறது. மீதி ஒன்றரை. சரியாக விதியின் விளிம்பு.

தொடர்ந்து பேசினார். பனியின் நீலத்தைப் பற்றிச் சொன்னார். பதினொரு வருடத்துக்கு முன் சுவர் கரையில் எந்தப் பாறையருகே இருந்தது என்று சொல்லக் கூடாது என்பது எழுதிக்கொடுத்த தாளில் இருந்தது. கரைப் பாறையை மட்டும் கையால் காட்டினார். சுவர் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று புரிந்தவர்களுக்குப் புரிந்தது.

அடுத்த முறை அழுத்தியபோது ஒன்றே முக்கால்.

அழுத்தியதில் பிசகு என்று நினைத்தார். இன்னொரு முறை. ஒன்றே முக்கால். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு. எழுதிக்கொடுத்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

என்ன நடக்கிறது என்று அப்போது புரிந்தது. கடல் ஏற்றம். நீர் சுவரை நோக்கி உள்ளே போகிறது, மிதக்கும் பனி எல்லாமும் சேர்ந்து போகிறது. அந்தப் பனியோடு படகு கட்டப்பட்டிருக்கிறது. சுற்றிலும் உள்ள எல்லாமே ஒன்றாக நகரும்போது எதுவும் நகர்வதாகத் தெரியாது. ரயிலில் தூங்குகிறவனுக்கு மெத்தை நகர்வது தெரிகிறதா? தம்பி தலை குனிந்து இடித்துக்கொண்டிருந்தான். நிதானத்தின் கண் கயிற்றில். முன்தளத்து எண்ணூறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சம்மட்டிச் சத்தத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தி வந்தது.

இரண்டே கால்.

மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு புன்னகையிடம் குனிந்தார். "சார், படகு உள்ள இழுத்துட்டுப் போகுது. சுவருக்கு இருநூத்தம்பது மீட்டர்கூட இல்ல. மேலறைக்குச் சொல்லுங்க." மேலறை என்றால் கேப்டனும் அதிகாரிகளும் கப்பலை ஓட்டும் அறை. மைக் அக்கா போன்றவர்கள் அங்கே நேரடியாகப் பேச முடியாது. எதுவானாலும் மேனேஜர் வழியாகத்தான்.

"படகுல ரேடியோ இருக்கு மேடம். அவங்க பாத்துக்குவாங்க." விருந்தாளிகள் பக்கத்தில் இருந்ததால் மேடம்.

"அவங்களுக்குத் தெரியல சார். தெரிஞ்சா ஏன் அங்க இருக்காங்க?"

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சத்தத்த வச்சு."

புன்னகையின் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமானது. குரல் தாழ்ந்தது. விருந்தாளிகளுக்குக் கேட்காது என்றானதும் மேடம் போய் நீ வந்தது. "உன் தம்பி அங்க இருக்கான்னு உனக்குப் பயம். புரியுது. விளக்கத்தச் சொல்லு. ஐஸ் எடுத்துட்டு வந்துடுவாங்க."

தம்பி என்பதால்தான் பயமா? ஒரு கணம் அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அளந்தவர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான். மறுபடி அளந்தார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. இரண்டே கால், இரண்டரை, இரண்டரை. பயம் கடிகாரத்தை அழுத்தவில்லை. அரை வினாடி மிச்சம். நூற்றைம்பது மீட்டரோ, கொஞ்சம் கூடவோ. சுவரின் நடுவில், படகுக்கு நேர் மேலே, காலையில் இல்லாத ஒரு விரிசல் மேலிருந்து கீழாக நீலமாக ஓடியிருந்தது. அது இன்றைக்கு விழலாம், அடுத்த வாரம் விழலாம். யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் அடியில் மூன்று பேரை நிற்கவைத்துவிட்டு எதற்குக் காத்திருப்பது? ஒரு கோப்பைக்குள் போடும் சில்லுக்கா?

மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"மேலறையில் இருப்பவர்களுக்கு. படகு பனிச்சுவரிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருக்கிறது. நகர்ந்துகொண்டிருக்கிறது. உடனே திருப்பிக் கூப்பிடுங்கள்." வகுப்பில் பாடம் சொல்லும் அதே குரலில் இன்னொரு முறை சொன்னார். "படகு இருநூறு மீட்டருக்குள் இருக்கிறது. கூப்பிடுங்கள்."

விசையின் மேல் புன்னகையின் கை விழுந்தது. ஒலிபெருக்கி செத்தது.

தளத்தில் முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார். ஒரு பெண்மணி குழந்தையைத் தூக்கிக்கொண்டார். மேலறையில் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரியும். அதை அங்கே இருப்பவர்கள் கேட்பார்களா, தொணதொணப்பு என்று அடக்கி வைத்திருப்பார்களா என்பது பதினொரு வருடத்தில் தெரிந்ததில்லை.

பைனாகுலரைக் கண்ணுக்கு வைத்தார். சம்மட்டி உயர்ந்தது, இறங்கியது. உயர்ந்தது, இறங்கியது. மூன்றாவது அடிக்குப் பிறகு தம்பி ஆப்பைத் தடவிப் பார்த்தான். சத்தம் வந்தது. மறுபடி சம்மட்டி. யாரும் கேட்கவில்லை. இன்னொரு மூன்று. அக்காவின் விரல் கடிகாரத்தின் மேல் மரத்துப் போயிருந்தது.

நான்காவது சுற்றின் நடுவில் நிதானம் சட்டென்று இடுப்பில் இருந்த ரேடியோவைக் காதுக்குக் கொண்டுபோனார். தலையைத் தூக்கினார். தம்பியின் காலைத் தட்டினார். சம்மட்டி பாதி வழியில் நின்றது. அந்தக் காலையில் முதல் முறையாகத் தம்பி சுவரை நிமிர்ந்து பார்த்தான். பார்க்க, தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது.

சம்மட்டியைப் படகுக்குள் போட்டுக் குதித்தான். கொக்கி வர மறுத்தது. பனிக்குள் ஆழமாகக் கடித்திருந்தது. இரண்டு பேர் இழுத்தார்கள். வரவில்லை. நிதானம் கத்தியை எடுத்து, எதையும் நிதானமாகச் செய்யும் அந்த மனிதர், ஒரே வீச்சில் கயிற்றை அறுத்தார். படகு திரும்பியது. ஆனால் ஓட வழி இல்லை. சுற்றிலும் பனித்துண்டுகள் நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொன்றாக விலக்கி, முட்டி, ஒதுங்கி, மறுபடி முட்டி வந்தது. சுவரில் எங்கோ துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு வெடிப்பு கேட்டது. எண்ணூறு பேரும் மூச்சை அடக்கினார்கள். எதுவும் விழவில்லை. ஏழு நிமிடம் நாற்பது வினாடி கழித்துப் படகு பனிக்கூட்டத்தை விட்டு வெளியே வந்தது.

சுவர் அப்படியே நின்றது. அடுத்த ஒரு மணி நேரமும் நின்றது. கப்பல் திரும்பிப் புறப்பட்டபோதும், பின்னால் சிறுத்துச் சிறுத்துக் கண்ணுக்கு மறைந்தபோதும், ஒரு கைப்பிடி பனிகூட அங்கிருந்து விழவில்லை.

விபத்து நடந்தால் அறிக்கை எழுத ஆயிரம் பேர் உண்டு. நடக்காத விபத்துக்கு ஒரே ஓர் அறிக்கைதான் எழுதப்படும், தடுத்தவர் மேல்.

தம்பி கீழ்த்தள நடையில் அக்காவை மறித்தான். இன்னும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்ண? நிதானம் அண்ணனப் பாத்து எல்லாரும் சிரிக்கிறாங்க. கயித்த அறுத்துட்டு ஓடி வந்தோம்னு. ஒண்ணும் விழலையே!"

"விழலைன்னா நல்லதுதானடா."

"உன்ன இறக்கி விட்டுருவாங்க. விழுந்திருந்தாலாவது நீ தப்பிச்சிருப்ப." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது. லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து இழுத்தான், கழலவில்லை. அக்கா கழற்றிவிட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கேப்டனின் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். தரையில் மெத்தை விரிப்பு, சுவரில் மரப்பலகை, பெரிய சன்னலுக்கு வெளியே ஓசையில்லாமல் மலைகள் நகர்ந்துகொண்டிருந்தன. கேப்டன், புன்னகை, ஓர் இளநிலை அதிகாரி. மேசை மேல் ஒரு தாள்.

கேப்டன் கெட்ட மனிதர் இல்லை. அமைதியாகத்தான் பேசினார். "விருந்தினர் நூறு பேருக்கு மேல புகார் எழுதியிருக்காங்க. பதினொரு வருஷம் நல்லா வேலை பாத்திருக்கீங்க. தூரத்தத் தப்பா கணிச்சுட்டேன், பதற்றத்துல சொல்லிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இத்தோட விட்டுடலாம்."

"நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அடுத்த பனியாத்துல படகு இறங்குமா சார்?"

"இறங்கும். ஏன் இறங்கக் கூடாது?"

அவர் பென்சிலால் எண்கள் குறித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு, இரண்டே கால், இரண்டரை. பக்கத்தில் நேரம். "தப்புன்னா எங்க தப்புன்னு காட்டுங்க சார். திருத்திக்கிறேன்."

கேப்டன் இளநிலை அதிகாரியைப் பார்த்தார். "ரேடார்ல படகு எங்க இருந்தது?"

அந்த மனிதர் தொண்டையைச் செருமினார். "கப்பலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தத்தான் சார் பாத்துட்டு இருந்தோம். படகு... பனித்துண்டுங்களுக்கு நடுவுல தனியாத் தெரியல."

புன்னகை தம்பியின் பக்கம் திரும்பினார். "நீ அங்கதான இருந்த? நீ சொல்லு. சுவர் தூரமாத்தான இருந்தது? பயப்படாம சொல்லு. உன் வேலைக்கு ஒரு பிரச்சினையும் வராது."

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னா?"

"நான் தலை குனிஞ்சு இடிச்சிட்டு இருந்தேன். தூரமான்னு கேட்டா தெரியாது, கிட்டவான்னு கேட்டாலும் தெரியாது. உங்களுக்கும் தெரியல, மேல இருந்த இவங்களுக்கும் தெரியல. அளந்தவங்க அக்கா ஒருத்தங்கதான். அளந்தவங்களப் பாத்துத் தப்புன்னு அளக்காதவங்க எப்படி சார் சொல்றது?"

கேப்டன் எண்கள் இருந்த தாளைக் கையில் எடுத்தார். நெடுநாள் கடலில் இருந்தவர். கடல் ஏற்ற நேரம் அவருக்கு மனப்பாடம். எண்களுக்குப் பக்கத்தில் இருந்த நேரங்களின் மேல் அவர் விரல் மெதுவாக இறங்கியது.

"படகு இனிமே இறங்காது" என்றார் கடைசியில்.

புன்னகை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேப்டன் கையைக் காட்டினார். பிறகு மைக் அக்காவைப் பார்த்து, அதே அமைதியான குரலில், "நீங்களும் அடுத்த துறைமுகத்துல இறங்கிக்கணும். எண்ணூறு பேர் முன்னால மேலறைக்கு உத்தரவு போட்ட ஒருத்தர நான் கப்பல்ல வச்சுக்க முடியாது. அது வேற விஷயம்" என்றார்.

வேற விஷயமாம். சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டு படகை நிறுத்திய அதே வாய், உண்மையைச் சொன்னவரையும் நிறுத்தியது.

"சார், இது எந்த ஊரு நியாயம்?" என்று தம்பி முன்னால் வந்தான். அக்கா அவன் முழங்கையைப் பிடித்தார்.

கேப்டன் புதுத் தாள் ஒன்றை எடுத்து எழுதித் திருப்பி வைத்தார். பணியிலிருந்து விடுவிப்பு; காரணம், அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தி விருந்தினரைக் கலவரப்படுத்தியது. கீழே கையெழுத்துக்கு இடம்.

மைக் அக்கா இரண்டு முறை படித்தார்.

"எழுதியிருக்கறது பொய்யில்ல சார். பாதிதான் இருக்கு. அப்ப படகு எவ்வளவு தூரத்துல இருந்ததுங்கறதையும் சேத்து எழுதுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

"அது எதுக்கு?" என்றார் புன்னகை.

"நாளைக்கு இன்னொரு கேப்டன் வருவார். இன்னொரு மேனேஜர் கண்ணாடி மாதிரி ஐஸ் வேணும்பார். படகு ஏன் நின்னுச்சுன்னு யாராவது கேட்டா, தாள்ல ஒரு எண்ணாவது இருக்கட்டும்."

கேப்டன் பேனாவை மூடித் திறந்தார். பிறகு குனிந்து, வரிகளுக்கு நடுவே இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: அப்போது படகு பனிச்சுவரிலிருந்து சுமார் இருநூறு மீட்டருக்குள் இருந்தது.

எழுதிவிட்டு, அந்தச் 'சுமார்' மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு, சண்டைக்கு வருவாரோ என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

"சுமார் இருக்கட்டும் சார்" என்றார் மைக் அக்கா. "நான் காதால அளந்தது."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.